முனையாரும் மழுங்கின பிட்டும்

பட்டறையில் அவரை எல்லாரும் முனையார் என்றுதான் கூப்பிட்டார்கள். அது மரியாதை என்று அவர் ஒருவர் மட்டும் நம்பிக்கொண்டிருந்தார். இரும்பில் ஓட்டை போடுகிற டிரில் பிட்டின் முனையைப் பற்றி ஒரு நாளைக்கு நாலு தடவையாவது பிரசங்கம் செய்யாவிட்டால் மனுஷனுக்குத் தின்றது செரிக்காது. அது பொறுக்காமல் வெல்டர் ஒருத்தர் வைத்த கேலிப் பெயர் அது. இவரோ அதை ஏதோ அரசாங்கம் கொடுத்த பட்டம் மாதிரி வாங்கி மாட்டிக்கொண்டார். புதிதாக யாராவது வேலைக்குச் சேர்ந்தால், "நம்மளை இங்க முனையார்னு சொல்லுவாங்க" என்று தானே போய் நிற்பார். ஏன் அப்படி என்று அந்த ஆள் கேட்க வேண்டும் என்பதற்காகக் கொஞ்ச நேரம் சும்மா இருப்பார். கேட்காவிட்டாலும் சொல்வார்.

முப்பது பேர் வேலை செய்கிற தகரக் கொட்டகை அது. இரும்புத் தகடுகளை வெட்டி, ஓட்டை போட்டு, பற்றவைத்து, கனமான மெஷின்களுக்கு அடித்தட்டு செய்து அனுப்புகிற இடம். ஸ்டோர் அறைக்குப் பக்கத்தில் ஒரு சாணைக்கல், ஒரு தண்ணீர் டப்பா, கம்பியில் தொங்கும் ஒரு பல்பு, கால் ஆடுகிற ஒரு ஸ்டூல். இதுதான் முனையாரின் ராஜ்ஜியம். மழுங்கின பிட்டுகள் ஒரு தட்டில் வரும், தீட்டின பிட்டுகள் இன்னொரு தட்டில் போகும். இருபத்தாறு வருஷமாக இதே வேலை. ஒரு வேலையை இருபத்தாறு வருஷம் செய்தால் அது தானாகக் கைவந்துவிடும் என்று நினைக்கிறவர்கள் முனையாரை ஒரு தடவை வந்து பார்க்க வேண்டும்.

பிட்டைச் சாணை பிடிப்பதில் மந்திரம் மாயம் ஒன்றும் இல்லை. முனையின் இரண்டு பக்கமும் ஒரே நீளம், ஒரே சாய்வு. அவ்வளவுதான். தன் கண்ணை நம்பாதவர்கள் இரண்டு நட்டுகளைப் பக்கம் பக்கமாக ஒட்டி வைத்து, நடுவில் விழும் பள்ளத்தில் முனையை உட்கார வைத்துப் பார்ப்பார்கள். இடைவெளி இல்லாமல் உட்கார்ந்தால் சரி. முனையாருக்கு அதெல்லாம் கௌரவக் குறைச்சல். "எனக்குக் கண்ணே அளவு" என்பார். அந்தக் கண்ணுக்குப் பன்னிரண்டு வருஷமாகக் கண்ணாடி தேவைப்பட்டது. அதைப் போட்டுக்கொள்வதும் கௌரவக் குறைச்சல். அதனால் அவர் பிடித்த பிட்டில் ஒரு பக்கம் கொஞ்சம் நீண்டிருக்கும், ஓட்டை கொஞ்சம் பெரிதாக விழும். யாராவது எடுத்துச் சொன்னால், "போல்ட்டு சிறுத்துப் போச்சு" என்பார். போல்ட்டு என்ன, பத்து நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்ததா, சிறுத்துப்போக?

புதுப் பிட்டு வந்தால்கூட அதைக் கல்லில் ஒரு காட்டு காட்டிவிட்டுத்தான் வெளியே விடுவார். "கம்பெனிக்காரன் பிடிச்ச முனை நமக்கு ஆகாது." பென்சில் நீளம் இருந்த பிட்டு, கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாகச் சுண்டுவிரல் நகம் அளவுக்கு வருகிற வரைக்கும் தேய்த்துக்கொண்டே இருப்பார். அதற்கு மேல் தேய்க்க இடம் இல்லை என்றால் வீட்டுக்குக் கொண்டுபோய் டப்பாவில் போட்டு வைப்பார். எதற்கு என்று கேட்டால், "இருக்கட்டும்" என்பார்.

வீடு இரண்டாவது மாடியில் இரண்டு அறை. அதில் ஒரு அலமாரி முழுக்க இந்த டப்பாக்கள்தான். அவருடைய வீட்டுக்காரி துணி மடித்து வைக்க இடமில்லாமல் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தாள். சமையல்கட்டுக் கத்தியை வாரத்துக்கு ஒரு தடவை தீட்டித் தீட்டிக் குடைக்கம்பி மாதிரி ஆக்கி வைத்திருந்தார் மனுஷர். அதை வைத்து வெங்காயம் நறுக்கினால் கத்தி வளைந்தது. கடைசியில் அந்தப் பொம்பளை என்ன செய்தாள் தெரியுமா? புதுக் கத்தி ஒன்று வாங்கி, தலையணை உறைக்குள் ஒளித்து வைத்து, அவர் வேலைக்குப் போன பிறகு எடுத்துக் காய் நறுக்கினாள். கட்டின புருஷனுக்குத் தெரியாமல் பெண்கள் என்னென்னவோ ஒளிப்பார்கள். கத்தியை ஒளிக்க வைத்த ஒரே மகராசன் இவர்தான். ராத்திரி சாப்பிடும்போது, "பாத்தியா, நான் பிடிச்ச கத்தியில நறுக்கினா காய் எப்படி விழுது" என்று வேறு சொல்வார். அவள் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றுவாள்.

இப்படிப்பட்டவருக்குப் பிட்டே பிடிக்கத் தெரியாது என்று நேருக்கு நேர் சொல்கிற ஆள் பட்டறையில் ஒருவர்தான். டிரில்லிங் மெஷினை ஓட்டுகிறவர். அவர் முனையாரின் தங்கை புருஷன். முனையார் அவரை மாப்பிள்ளை என்று கூப்பிடப்போய், பட்டறை முழுக்க அவருக்கு மாப்பிள்ளை என்றே பெயர் நிலைத்துவிட்டது. இருபத்திரண்டு வருஷமாக அந்த மெஷினில் நிற்கிறவர். நல்ல வேலைக்காரர்தான், இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் அவரிடமும் ஒரு கிறுக்கு. பிட்டு லேசாக முனகினால் போதும், கழற்றிக் குப்பையில் வீசிவிட்டுப் புதுசு எடுப்பார். பல்லுக்குச்சி தடிமன் பிட்டென்றாலும் வீச்சு, கட்டைவிரல் தடிமன் பிட்டென்றாலும் அதே வீச்சு. "மழுங்கினதைத் தூக்கிப் போடணும், புதுசை மாட்டணும். இதுக்கு எதுக்கு ஒரு ஆளு, ஒரு கல்லு, ஒரு ஸ்டூலு?" என்று முனையார் காதில் விழுகிற மாதிரி சொல்வார்.

முனையார் குப்பைத் தொட்டியைக் கிளறி அதைப் பொறுக்குவார். "தூக்கிப் போடுறதுக்குக் கை போதும் மாப்பிள்ளை. பிடிக்கிறதுக்குத்தான் மூளை வேணும்."

"அந்த மூளையைக் கொஞ்சம் சாணை பிடிங்க மச்சான். மழுங்கிப் போய்க் கிடக்கு."

விஷயம் என்னவோ சின்னதுதான். பல்லுக்குச்சி தடிமன் பிட்டு மழுங்கினால் தூக்கிப் போட வேண்டியதுதான். அதைக் கல்லில் காட்டுவதற்குள் பாதி போய்விடும். கட்டைவிரல் தடிமன் பிட்டென்றால் பிடித்துத்தான் ஓட்ட வேண்டும். அதை வீசுகிறவன் மடையன். பட்டறையில் தரை கூட்டுகிறவருக்குக்கூட இது தெரியும். ஆனால் தான் பிடித்த முயலுக்கு மூணே கால் என்று நிற்கிற இரண்டு பேர் ஒரே குடும்பத்தில் வாய்த்துவிட்டால் என்ன செய்வது? நல்லது கெட்டது என்று எந்த வீட்டில் கூடினாலும் இலையில் கையை வைத்தபடி இதே பேச்சு. நடுவில் மாட்டிக்கொண்டவள் அந்தத் தங்கைதான். "அண்ணா, சாப்பாட்டுல எதுக்கு பிட்டு?" என்று கெஞ்சிக் கெஞ்சி அவள் தொண்டை வற்றியது.

பத்து வருஷத்துக்கு முன்னால் இது முற்றிப்போனது. முனையார் பிடித்துக் கொடுத்த பெரிய பிட்டில் நாற்பது தகடு ஓட்டை போட்டார் மாப்பிள்ளை. நாற்பதிலும் போல்ட்டு நிற்காமல் தொபுக்கென்று கீழே விழுந்தது. நாற்பதும் பழைய இரும்புக்குப் போனது. "பிட்டுல ஒரு பக்கம் நீளம்" என்றார் மாப்பிள்ளை. "அழுத்தத் தெரியல உனக்கு" என்றார் முனையார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அன்றைக்குப் பட்டறை நடுவில் நின்று இரண்டு பேரும் ஒரு சபதம் போட்டார்கள். சாணைக்கல்லை மாப்பிள்ளை தொடக் கூடாது. டிரில்லிங் மெஷினை முனையார் தொடக் கூடாது. அவரவர் வேலையின் லட்சணத்துக்கு அவரவர் பொறுப்பு. அன்றிலிருந்து பத்து வருஷம் அதை விரதம் மாதிரி காத்தார்கள். மெஷினில் என்ன கோளாறு வந்தாலும் மாப்பிள்ளைக்கு ஒரே பதில், மச்சான் பிடித்த பிட்டு. பிட்டில் என்ன குறை சொன்னாலும் முனையாருக்கு ஒரே பதில், மாப்பிள்ளைக்கு அழுத்தத் தெரியவில்லை. வேறு காரணம் ஒன்று உலகத்தில் இருக்கும் என்கிற நினைப்பே இரண்டு பேருக்கும் அற்றுப்போனது.

இப்படிப் பத்து வருஷம் ஓடின பிறகுதான் பட்டறைக்குத் தகடு வளைக்கிற பெரிய மெஷின் ஒன்று வந்து இறங்கியது. அதற்கு இடம் வேண்டும் என்று விடுமுறை நாளில் டிரில்லிங் மெஷினை நகர்த்தி எதிர்ச்சுவர் ஓரமாக வைத்தார்கள். வெளியிலிருந்து வந்த எலெக்ட்ரீஷியன் ஒருத்தர் அவசர அவசரமாக ஒயர் கொடுத்துவிட்டுப் போனார். அந்த மோட்டாருக்கு மூன்று கம்பி. அதில் இரண்டு இடம் மாறிப்போனால் மோட்டார் எதிர்ப்பக்கமாகச் சுற்றும். மாறித்தான் போயிருந்தது. எதிர்ப்பக்கம் சுற்றினால் பிட்டு இரும்பை வெட்டாது, தேய்க்கும். தேய்த்துத் தேய்த்துச் சூடேறி முனை நீலம் பாய்ந்து எரிந்துபோகும். கைப்பிடியில் யானையே ஏறி உட்கார்ந்தாலும் ஓட்டை விழாது. சமாசாரம் இதுதான். இதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிஷம் போதும். மெஷினை நிறுத்தி, அது ஓடி ஓய்கிற கடைசிச் சுற்றுகளைப் பார்த்தால் போதும்.

மறுநாள் காலையில் இருநூறு தகடு அவசர வேலை. சாயந்திரம் லாரி வந்து நிற்கும். மாப்பிள்ளை முதல் தகட்டை மாட்டி, கைப்பிடியை இறக்கினார். கீச்சென்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை. தகட்டில் பளபளவென்று ஒரு பொட்டு மட்டும் இருந்தது.

"மச்சான்! இது பிட்டா, பேனாக்கட்டையா?"

முனையார் மூலையிலிருந்து எழுந்து வந்தார். மெஷினுக்கு இரண்டடி தள்ளி, சபதத்தின் எல்லையில் நின்றார். "நேத்து பிடிச்சது. முடி வெச்சா முடி ரெண்டாப் பிளக்கும். அழுத்து மாப்பிள்ளை, அழுத்து. காலையில சாப்பிடலையா?"

அழுத்தினார். எரிந்தது. இன்னொன்று மாட்டினார். அதுவும் எரிந்தது. முனையார் ஓடிப்போய் மறுபடி தீட்டிக்கொண்டு வந்தார். அதுவும் போனது. மாப்பிள்ளை வீராப்பாக ஸ்டோரில் பிரிக்காத பெட்டியிலிருந்து, கல்லையே பார்க்காத புத்தம் புதுப் பிட்டு ஒன்றை வாங்கி வந்து எல்லாரும் பார்க்க மாட்டினார். அதுவும் நீலம் பாய்ந்து செத்தது. அப்போதாவது புத்தி வர வேண்டாமா? புதுசும் வெட்டவில்லை, தீட்டினதும் வெட்டவில்லை என்றால் மூன்றாவதாக ஏதோ இருக்கிறது என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். முனையாருக்கோ சந்தோஷத்தில் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீங்களா? பாத்தீங்களா? புதுசும் போச்சு! நான் பத்து வருஷமா என்ன சொல்றேன்? அழுத்தத் தெரியல!"

ஒவ்வொரு தடவை மெஷினை நிறுத்தினபோதும் அது சுற்றி ஓய்ந்தது. அந்த நேரத்தில் இரண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். மெஷினைப் பார்க்க யாருக்கு நேரம்? மற்றவர்களோ இது மச்சான் மாப்பிள்ளைச் சண்டை, நமக்கெதுக்கு என்று வேடிக்கை பார்த்தார்கள்.

நடுப்பகலுக்குள் பதினோரு பிட்டு எரிந்தது. ஒரு தகடுகூட ஆகவில்லை. முதலாளியம்மா மேலே இருந்த அறையிலிருந்து இறங்கி வந்தாள். அப்பா விட்டுப்போன பட்டறையை நடத்துகிறவள். பிட்டின் எந்த நுனி வெட்டும் என்று கேட்டால் யோசிப்பாள், ஆனால் லாரி எத்தனை மணிக்கு வரும் என்பது மட்டும் நிமிஷ சுத்தமாகத் தெரியும். எரிந்த பிட்டுகளைப் பார்த்தாள், இரண்டு பேரையும் பார்த்தாள்.

"யார் மேல தப்பு?"

இரண்டு விரல்கள் ஒரே நேரத்தில் எதிரெதிராக நீண்டன.

"எனக்கு உங்க குடும்பச் சண்டை வேண்டாம். சாப்பிட்டுட்டு வாங்க. வந்ததும் என் எதிர்ல நடக்கட்டும். தப்பு பிட்டுலன்னா முனையார் நாளையிலிருந்து வர வேண்டாம். ஓட்டுற கையிலன்னா நீங்க வர வேண்டாம். ஒரு ஆள்தான் இனிமே இங்க." சொல்லிவிட்டு மேலே போய்விட்டாள்.

பட்டறையே பின்பக்கத்துக்குச் சாப்பிடப் போனது. முனையாருக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. வாய்க்கு வாய் வீரம் பேசின மனுஷர் டப்பாவை மூடிவிட்டு எழுந்தார். ஐம்பத்து நாலு வயது. இந்தக் கல்லை விட்டால் வேறு பிழைப்பு தெரியாது. ஒருவேளை பிட்டில்தான் தப்போ? இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக அவருக்கு அந்தச் சந்தேகம் வந்தது. அதுவும் வேலை போகும் என்றானதும்தான் வந்தது.

மூலைக்குப் போனார். சுற்றும்முற்றும் பார்த்தார். பையின் அடியிலிருந்து, வீட்டுக்காரி வற்புறுத்தி வாங்கிக் கொடுத்த கண்ணாடியை எடுத்து மாட்டினார். ஒரு பிட்டை நிதானமாகப் பிடித்தார். இரண்டு நட்டுகளை ஒட்டி வைத்து, முனையை உட்கார வைத்துப் பார்த்தார். மறுபடி தேய்த்தார், மறுபடி பார்த்தார். இடைவெளி இல்லை. வாழ்நாளில் அவர் சரியாகப் பிடித்த பிட்டு அது ஒன்றாகத்தான் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு டிரில்லிங் மெஷினிடம் போனார். பத்து வருஷத்துச் சபதம் காற்றில் பறந்தது. மாட்டினார், போட்டார், இறக்கினார்.

கீச்சென்றது. பதறிப்போய் நிறுத்தினார். கத்துவதற்கு எதிரில் யாரும் இல்லாததால் அவர் கண் மெஷின் மேலேயே இருந்தது. சுற்றி, சுற்றி, ஓய்ந்து, கடைசியாக இரண்டு சுற்று மெதுவாக வந்தது. தப்பான பக்கமாக வந்தது.

முனையாருக்கு எல்லாம் ஒரு நொடியில் விளங்கிவிட்டது. "அடச் சீ" என்று வாய்விட்டுச் சொன்னார். பிட்டிலும் தப்பில்லை, மாப்பிள்ளை கையிலும் தப்பில்லை. பின்பக்கம் பத்து எட்டில் எல்லாரும் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கே போய், "எலெக்ட்ரீஷியன் கம்பியை மாத்திக் குடுத்துட்டான்" என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. யாருக்கும் வேலை போகாது. ஆனால் சிரிப்பார்கள். காலையிலிருந்து மெஷினுக்கு எதிரிலேயே நின்று, அது எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்க்கத் தெரியாத முனையார் என்று வெல்டர் சிரிப்பார். மாப்பிள்ளையும் கூடச் சேர்ந்து சிரிப்பார். "நீயும்தானே பாக்கலை" என்று திருப்பிக் கேட்கலாமே என்கிறீர்களா? கேட்கலாம். ஆனால் சிரிப்பில் பாதிப் பங்கு வாங்கிக்கொள்கிற மனசெல்லாம் முனையாருக்குக் கிடையாது.

மெயின் சுவிட்சை அணைத்தார். மோட்டாரின் ஒயர்ப் பெட்டியைத் திறந்து, இரண்டு கம்பியை இடம் மாற்றி முடுக்கினார். மூடினார். எரிந்த பிட்டைக் கழற்றி, கல்லில் போட்டுத் திரும்பவும் அதே மாதிரி, கண்ணாடியும் நட்டுமாகப் பிடித்து எடுத்துக்கொண்டார். கண்ணாடி பைக்குள் போனது. கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். இப்போது சோறு நன்றாக இறங்கியது. அடப் பாவி மனுஷா, நீ பறித்துத் தின்பது உன் தங்கை வீட்டுச் சோறு.

முதலாளியம்மா வந்தாள். பட்டறையே வட்டம் கட்டி நின்றது. முனையார் எழுந்து, தொண்டையைச் செருமி, "அம்மா அனுமதி குடுத்தா இன்னிக்கு ஒரு நாள் நானே மெஷினைத் தொடறேன்" என்றார். பிட்டை மாட்டினார். கைப்பிடியை இறக்கினார். பழத்தோல் உரிகிற மாதிரி இரண்டு பக்கமும் இரும்புச் சுருள் நீளமாக எழுந்து வந்தது. ஓட்டை சுத்தமாக விழுந்தது. யாரோ கைதட்டினார்கள்.

மாப்பிள்ளைக்கு வாயில் ஈ போனால்கூடத் தெரியாத நிலை. தகட்டைத் தொட்டுப் பார்த்தார், ஓட்டைக்குள் விரல் விட்டுப் பார்த்தார். "நானும் ஒண்ணு போட்டுப் பாக்கிறேன்மா" என்று கைப்பிடிக்குக் கையை நீட்டினார்.

முனையார் கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டார். மாப்பிள்ளை கைப்பிடியைப் பிடித்தால் அவருக்கும் வெட்டும், எல்லாம் வெளிச்சமாகிவிடும்.

"போதும்" என்றாள் முதலாளியம்மா. "காலையிலிருந்து பதினோரு தடவை போட்டுப் பாத்தாச்சு. புதுப் பிட்டையே எரிச்சிருக்கீங்க. பிட்டுல குறை இருந்தா இவருக்கு மட்டும் எப்படி வெட்டும்? நகருங்க. லாரி வருது." அவ்வளவுதான் விசாரணை. மாப்பிள்ளை தன் துண்டையும் டப்பாவையும் எடுத்துக்கொண்டு, இருபத்திரண்டு வருஷம் நின்ற இடத்தை விட்டு, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் போனார். முனையார் சாயந்திரத்துக்குள் முடிந்த மட்டும் ஓட்டை போட்டு லாரியை அனுப்பினார். முதலாளியம்மா, "இனிமே ரெண்டு வேலையும் நீங்களே பாருங்க" என்றாள்.

முனையாருக்கு மனசாட்சி இல்லை என்று சொல்லிவிட முடியாது. இருந்தது, அவர் கண் மாதிரியே மங்கலாக. அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியில் அதற்கு ஒரு சமாதானம் சொன்னார். பத்து நாள் வீட்டில் உட்காரட்டும், வாய்க் கொழுப்பு அடங்கட்டும், அப்புறம் நானே முதலாளியம்மா காலில் விழுந்தாவது திரும்பச் சேர்த்துவிடுகிறேன். பத்து நாள் போனது, இருபது நாளும் போனது. காலில் விழுவதற்கு அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. டீ குடிக்கிற இடத்தில் ஒரே ஓட்டையில் மாப்பிள்ளையை விரட்டின கதையைப் புதுப்புது ஆட்களுக்குச் சொல்வதற்கே நேரம் சரியாக இருந்தது. சொல்லச் சொல்ல, கம்பி மாறின விஷயம் அவருக்கே மறந்துபோனது.

இருபத்தைந்தாவது நாள் தங்கை வந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பிட்டு டப்பாக்கள் இருந்த அலமாரிக்குக் கீழே தரையில் உட்கார்ந்தாள்.

"சண்டை போட வரலைண்ணா. நீ பயப்படாத."

"நான் எதுக்குப் பயப்படணும்?" என்றார் முனையார். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"வேற பட்டறையில அவரைக் கூப்பிட்டாங்கண்ணா. இதைவிட நல்ல இடம். ரெண்டு தடவை ஆள் விட்டுட்டாங்க. போக மாட்டேங்கிறாரு. 'என் கை போயிடுச்சு, எனக்கு வேலை மறந்துபோச்சு'ங்கிறாரு. கையைக் கையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. மூத்த பொண்ணு காலேஜுக்குப் போறதை நிறுத்திட்டு வேலை தேடட்டுமான்னு கேக்கிறா." அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "நாளைக்குள்ள போய்ச் சேரலைன்னா அந்த இடமும் போயிடும். நீ வந்து ஒரு வார்த்தை சொல்லுண்ணா. அவர் கையில ஒரு குறையும் இல்லைன்னு. நான் சொன்னா பொம்பளைக்கு என்ன தெரியும்ங்கிறாரு. நீ சொன்னா நம்புவாரு. நீ சொன்னா மட்டும்தான் நம்புவாரு."

வீட்டுக்காரி சமையல்கட்டு வாசலில் நின்று புருஷனையே பார்த்தாள். "போய்ச் சொல்லிட்டு வாங்க. வாய் தேஞ்சா போயிடும்?" என்றாள்.

போனார். இரண்டு தெரு தள்ளி, ஒற்றை ஜன்னல் வைத்த அறை. மாப்பிள்ளை சவரம் செய்யாத முகத்தோடு சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். முனையாரைப் பார்த்ததும் எழுந்தார். பத்து வருஷத்தில் இவரைப் பார்த்து அவர் எழுந்தது அதுதான் முதல் தடவை. நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "உக்காருங்க மச்சான்."

முனையார் உட்கார்ந்தார். சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்திருந்தார், அதில் பொய்யில்லை. வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தார். "மாப்பிள்ளை, அன்னிக்கு நடந்தது என்னன்னா..."

"இருங்க மச்சான், நான் முதல்ல சொல்லிடறேன்." மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அழுத்தத் தெரியல, அழுத்தத் தெரியலைன்னு பத்து வருஷமா சொன்னீங்க. நான் திமிர்ல கேக்கல. நீங்க வந்து ஒரே இறக்கு, சுருள் சுருளா வருது. அதே மெஷின், அதே தகடு. அப்போ இத்தனை வருஷமா நான் என்னத்தைக் கிழிச்சேன்? புது இடத்துக்குப் போய் அங்கேயும் எரிச்சு வெச்சா என்ன மானம் மிச்சம்? எனக்கு வெக்கமெல்லாம் இல்ல மச்சான். எப்படி அழுத்தணும்னு சொல்லிக் குடுங்க. கத்துக்கிட்டுப் போறேன்."

மெஷின் எதிர்ப்பக்கமா சுத்திச்சு மாப்பிள்ளை. நாலே வார்த்தை. நாக்கு நுனியில்தான் இருந்தது. சொல்லியிருந்தால் அந்த மனுஷர் அங்கேயே நிமிர்ந்திருப்பார், மறுநாள் காலையில் வேலைக்குப் போயிருப்பார். கூடவே முனையாரின் சட்டையைப் பிடித்து நாலு அறையும் கொடுத்திருப்பார், நியாயமாக.

ஆனால் சொல்லிக் கொடுங்கள் என்று முனையாரை இருபத்தாறு வருஷத்தில் ஒருத்தரும் கேட்டதில்லை. புதிதாகச் சேருகிறவர்கள் கேட்டதில்லை, பெற்ற பிள்ளை கேட்டதில்லை, வீட்டுக்காரி கத்தியைத் தலையணைக்குள் ஒளித்தாள். இப்போது, எல்லாரையும் விட எந்த ஒருத்தர் வாயிலிருந்து அது வர வேண்டும் என்று அவர் ஏங்கிக் கிடந்தாரோ, அவரே கேட்கிறார். முனையாரின் முதுகு தானாக நிமிர்ந்தது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். சீ, இதெல்லாம் ஒரு பிறவி!

"சொல்றேன் மாப்பிள்ளை. அதுக்குத்தானே வந்தேன்" என்றார். "ஒரு கம்பு ஏதாச்சும் எடுங்க. கைப்பிடின்னு வெச்சுக்குவோம்."

மாப்பிள்ளை ஓடிப்போய் ஜன்னலோரம் இருந்த துணிக்கொடிக் கம்பை எடுத்து வந்து, கட்டில் காலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். தங்கை இரண்டு டம்ளர் டீயோடு வந்தாள். அண்ணன் பேசுவதையும் புருஷன் தலையாட்டுவதையும் பார்த்து, கண் கலங்கி, "நீ நல்லா இருப்பேண்ணா" என்றாள். முனையார் அதையும் வாங்கிக்கொண்டார்.

இருபத்திரண்டு வருஷத்தில் லட்சம் ஓட்டை போட்ட கை அது. மெதுவாக, ரொம்ப மெதுவாக, அந்தக் கையைக் கீழே இறக்கினார் மாப்பிள்ளை.

"இப்படியா மச்சான்?"

முனையார் டீயை ஒரு வாய் உறிஞ்சினார். கையைச் சாய்வாகப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"ம்ஹும். இன்னும் வரல. மறுபடி."